நவம்பர் 25: மௌனமாக ஒரு நடை

(மும்பையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற ஊர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று காரியதரிசி விரும்பியதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



கமிட்டி எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 25ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், நமது ஒவ்வொரு கிளையும் போரில் உயிர் நீத்த ஒரு வீரரின் பெயரால் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதுதான் என் வேண்டுகோள். ஏன் நடக்க வேண்டும், யாருக்காக நடக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், யாருக்காக என்பதைப் பார்ப்போம்.

மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13ஆம் தேதி இதே பம்பாயில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். படித்தது எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில். 1963ல் பள்ளிப் படிப்பை முடித்து, அதே ஸ்தாபனத்தின் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்றது 1968ல். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அந்தக் காலத்தில் மாட்டுங்காவில் ஒரு பையன் பி.எஸ்ஸி. முடித்தால் பாங்க் பரீட்சை எழுதுவான். இல்லாவிட்டால் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் படித்துக்கொண்டு கோட்டைப் பக்கம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவான். இவர் சென்னையில் இருந்த ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். 1972 ஜூன் 16ஆம் தேதி மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகப் பொறுப்பேற்றார்.

1987 ஜூலை 29ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டதும், நமது அமைதிப்படை அங்கே போயிற்று. பரமேஸ்வரன் இருந்த 8வது மஹர் பட்டாலியனும் போயிற்று. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப்புலிகளோடு போரில் இறங்கும்படி ஆயிற்று. நவம்பர் 24ஆம் தேதி, யாழ்ப்பாணத்தை அடுத்த கந்தரோடைப் பகுதியில் ஆயுதங்கள் இறக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது. மேஜர் பரமேஸ்வரனின் அணி தேடுதலுக்குப் புறப்பட்டது. 25ஆம் தேதி, தேடி முடித்துத் திரும்பும் வழியில் இருட்டில் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். அவர் பதறவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்திலிருந்து அவர்கள் மேல் பாய்ந்தார். கைக்குக் கை நடந்த சண்டையில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். குண்டு பட்ட நிலையிலும் அவனுடைய துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். கீழே விழுந்த பிறகும், மூச்சு இருக்கும் வரை, தன் ஜவான்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. 1988ல் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

இதுவரை 21 பேருக்குத்தான் அந்த விருது கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேர் அதைப் பெற உயிரோடு இல்லை.

சென்னை ராணுவப் பயிற்சி மையத்தின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சி முடித்து வெளிவரும் அதிகாரிகள் அந்த மைதானத்தைக் கடந்துதான் ராணுவத்துக்குள் நுழைகிறார்கள். 2014 ஏப்ரல் 25ல் காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் உயிர் நீத்து, அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் அதே மையத்தில் பயிற்சி பெற்றவர்தான். சென்னை சாலிகிராமத்தில் ராணுவத்தினருக்கான குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விஹார் என்றே இருக்கிறது. 2023 ஜனவரி 23ல் அந்தமானில் பெயரில்லாத 21 தீவுகளுக்கு 21 பரம்வீரர்களின் பெயரைச் சூட்டினார்கள். தீவும் மைதானமும் இருக்கின்றன. ஆனால் அவர் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நடந்த பேட்டையில், நவம்பர் 25ஆம் தேதி சாதாரணமாக வந்து சாதாரணமாகப் போய்விடுகிறது. மறுநாள் 26ஆம் தேதி மும்பை முழுவதும் மெழுகுவத்தி ஏற்றுகிறது. 2008ல் நடந்ததற்காக ஏற்றவேண்டியதுதான். ஆனால் முதல் நாளுக்கு ஒரு திரிகூட இல்லை.

இப்போது, ஏன் நடக்க வேண்டும் என்பது. ஒரு கூட்டம் போட்டு, படத்துக்கு மாலை போட்டு, இரண்டு பேர் பேசினால் போதாதா? போதாது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

நான் பாதுகாப்புக் கணக்குத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவன். அதில் ஒரு பகுதி அலகாபாத்தில், திரௌபதி காட்டில் இருக்கும் பென்ஷன் அலுவலகத்தில். ராணுவத்தினரின் பென்ஷன் உத்தரவுகள் அங்கிருந்துதான் நாடு முழுவதும் போகின்றன. சண்டையில் இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தையே பென்ஷனாகக் கொடுக்கும் விதி ஒன்று உண்டு. அந்தக் கோப்புகள் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பெயர், ஒரு நம்பர், ஒரு தேதி, ஓர் இடம். பணம் ஒழுங்காகப் போயிற்று. அதில் குறையொன்றும் இல்லை.

ஒரு தாயார் எழுதிய கடிதம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஹிந்தியில், யாரையோ கொண்டு எழுதிய கடிதம். தன் பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதி, ஆபீஸ் முத்திரை போட்டு ஒரு காகிதம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். பணத்துக்காக அல்ல. கிராமத்தில் வைத்த பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழையாம். திருத்தச் சொன்னால், சான்று கொண்டு வா என்றார்களாம். அந்த அம்மாளுக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் கேட்டது, தன் பிள்ளையின் பெயரை நாலு பேர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதை. அந்தக் காகிதத்தைத் தயார் செய்து அனுப்பினோம். பலகை திருத்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கோப்பு மூடப்பட்டால் மூடப்பட்டதுதான்.

பணமும் விருதும் சர்க்கார் கொடுக்கும். பெயரை வாயால் சொல்லுவது ஜனங்கள் செய்யவேண்டிய காரியம். அதற்குக் காலை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

நமக்கு இது புதிசு இல்லை. கோவிலில் சுவாமிக்கு நாம் செய்யும் முதல் மரியாதை பிரதட்சிணம், அதாவது நடை. தமிழ்நாட்டில் போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். அந்தக் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை படிப்படியாக முறை சொல்கிறது தொல்காப்பியம். செங்கம் பக்கம் போனால் அப்படிப்பட்ட நடுகற்களை இன்றும் பார்க்கலாம். மராத்தியில் வீர்கல் என்கிறார்கள், கன்னடத்தில் வீரகல்லு. நமது போரிவ்லியிலேயே எக்ஸார் என்ற இடத்தில், கப்பல் சண்டையைச் செதுக்கிய வீரக்கற்கள் சில நூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன. மும்பைவாசிகள் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? எலெக்ட்ரிக் ரயிலில் போனால் அரை நாள் வேலை.

அருணாசலப் பிரதேசத்தில் தவாங் போகும் மலைப் பாதையில் ஜஸ்வந்த்கட் என்று ஓர் இடம். 1962 நவம்பர் 17ல் சீனப் படையை எதிர்த்து நின்று இறந்த ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத்துக்கு அங்கே ஒரு சிறு கோவில் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அவருக்குப் படுக்கை விரிக்கிறார்கள், பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். வழிப்போக்கர்களுக்கு ஜவான்கள் டீ கொடுக்கிறார்கள். கார்கில் பக்கம் திராஸில் இருக்கும் நினைவிடத்தில், வாசலிலிருந்து ஜோதி வரை போகும் பாதைக்கே விஜய்பத் என்று பெயர். இருபுறமும் வீரர்களின் சிலைகள். பார்ப்பவன் அந்த வழியே நடந்துதான் ஜோதிக்கு வர வேண்டும்.

டெல்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25ல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தை வடிவமைத்தவர் யோகேஷ் சந்திரஹாசன், சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். உலக அளவில் நடந்த போட்டியில் தேர்வானார். சக்ரவியூகம் மாதிரி வட்டத்துக்குள் வட்டம். அமர் சக்கரத்தில் ஜோதி; வீரதா சக்கரத்தில் வெண்கலச் சிற்பங்கள்; த்யாக சக்கரத்தில் கிரானைட் பலகைகளில் பெயர்கள்; வெளியே ரக்ஷக் சக்கரத்தில் காவல் நிற்பது போல் மரங்கள். திறந்தபோது 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஒரு பலகைக்கு ஒரு பெயர். நான் த்யாக சக்கரத்தை முழுக்க நடந்திருக்கிறேன். உட்கார்ந்து பார்க்கும் இடம் அல்ல அது. நடந்தால்தான் பெயர்கள் முடிவதே இல்லை என்பது புரியும். ஜெனரல் பெயரும் சிப்பாய் பெயரும் ஒரே அளவுப் பலகையில்தான். டெல்லிக் கிளையினர் நவம்பரில் நடக்க வேறு இடம் தேட வேண்டாம். அங்கே பரம்வீரர்களின் சிலைகள் உள்ள பகுதியில் பரமேஸ்வரனும் இருக்கிறார்.

இனி, நான் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். தயங்கினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சென்ற நவம்பரில் நாங்கள் பன்னிரண்டு பேர், காலை நடைக்குப் போகும் கூட்டாளிகள், இந்த நடையைச் செய்து பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்தோம். முதல் பேச்சிலேயே இரண்டு ஆட்சேபணைகள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

முதல் ஆட்சேபணை எங்கள் நண்பர் ஒருவரின் நாட்டுப்பெண்ணிடமிருந்து வந்தது. அவள் பிறந்த வீடு யாழ்ப்பாணம். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "மாமா, 87 அக்டோபரில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது தெரியுமா? நீங்கள் எல்லோரும் கொடி பிடித்துக்கொண்டு நடந்தால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்."

அவள் சொன்னது பொய் இல்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நமது படை நுழைந்தபோது டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். இதை மறைத்துவிட்டு ஒரு வீரரைக் கொண்டாடினால், அந்த வீரருக்கும் அது கௌரவம் இல்லை. மறுபக்கம், அந்த இரண்டரை வருஷத்தில் நமது ஜவான்கள் ஏறக்குறைய 1,200 பேர் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னையில் வந்து இறங்கியபோது மாநில முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. வேண்டாத யுத்தம் என்று ஊரெல்லாம் சொல்லிற்று. டெல்லியில் தேசிய நினைவகம் எழுவதற்குப் பல வருஷம் முன்பே, கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் அந்த ஜவான்களுக்கு நினைவுச் சின்னம் கட்டப்பட்டது. இறந்தவர்களின் பெயர்கள் சொந்தத் தலைநகரில் பொறிக்கப்படுவதற்கு முன் அந்நிய நாட்டில் பொறிக்கப்பட்டன என்றால், அவர்கள் எப்படிப்பட்ட யுத்தத்தில் இறந்தார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? அங்கிருந்த சாஸ்திரிகள் ஒருவர்தான் வழி காட்டினார். ரத சப்தமிக்கு மறுநாள் பீஷ்மாஷ்டமி. அன்றைக்குப் பீஷ்மருக்குத் தர்ப்பணம் செய்கிறோம். அவர் யாருக்குத் தகப்பனார்? யாருக்கும் இல்லை. அவர் எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டார்? துரியோதனன் பக்கம். அந்தப் பக்கம் தர்மம் இல்லை என்று அவருக்கே தெரியும். இருந்தும் யாரும் அவருக்கு ஜலம் விட மறுக்கவில்லை. யுத்தம் சரியா தவறா என்ற கேள்வி யுத்தத்துக்கு உத்தரவிட்டவர்களிடம் கேட்கவேண்டியது. மஹாளய பட்சத்தில் சதுர்த்தசியை ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நம் ஆயுதத்தால் இறந்தவர், எதிரி ஆயுதத்தால் இறந்தவர் என்ற பேதம் இல்லை. சாஸ்திரிகள் இவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். கோஷம் போடக்கூடாது, ஜயம் என்ற வார்த்தை வரக்கூடாது, பாண்டு மேளம் கூடாது. ஒப்புக்கொண்டோம். ஆகவேதான் எங்கள் நடை மௌன நடை ஆயிற்று. அது எங்கள் யோசனை அல்ல, அவள் கொடுத்தது. அவள் எங்களோடு நடக்கவில்லை. ஜன்னலைச் சாத்தவும் இல்லை என்று நண்பர் சொன்னார். அது போதும்.

இரண்டாவது ஆட்சேபணை வேறு மாதிரி. பதாகையில் நமது சங்கத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, 'நம்மவர்' என்று எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். அதை மறுத்தவர் ரிடையரான ஒரு சுபேதார். மஹாராஷ்டிரக்காரர், எங்களோடு தினமும் பார்க்கில் நடப்பவர். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மேஜர் சாஹிப் கடைசி உத்தரவு யாருக்குக் கொடுத்தார்?"

மஹர் ஜவான்களுக்கு. அந்த ரெஜிமென்ட்டின் கதையை நாம் தெரிந்துகொள்வது நல்லது. மஹர் சமூகத்தினர் கம்பெனி காலத்திலிருந்தே பம்பாய்ப் படையில் இருந்தவர்கள். டாக்டர் அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். 1890களில் வெள்ளைக்காரன் அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டான். நடுவில் முதல் உலகப் போர் சமயத்தில் சேர்த்து, போர் முடிந்ததும் கலைத்துவிட்டான். மறுபடி வாசல் திறக்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். 1941ல் பெல்காமில் மஹர் ரெஜிமென்ட் உருவாயிற்று. இன்றைக்கு அதில் நாட்டின் எல்லாப் பகுதியினரும் இருக்கிறார்கள். அந்த ரெஜிமென்ட் பெற்ற ஒரே பரம்வீர் சக்ரா மாட்டுங்காவில் படித்த தமிழருடையது. தெருவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத காலத்தைப் பார்த்தவர்கள் நாம். அந்த இருட்டில் ஒருவர் உத்தரவு கொடுத்தார், மற்றவர்கள் பின்னால் போனார்கள். யாரும் யாருடைய கோத்திரத்தையும் கேட்கவில்லை.

'அமரன்' படம் 2024ல் வந்தபோது, முகுந்தின் ஜாதியை ஏன் காட்டவில்லை என்று சிலர் கேட்டார்கள். தமிழன், இந்தியன் என்ற அடையாளம் போதும் என்பதே குடும்பத்தின் விருப்பம் என்று இயக்குநர் பதில் சொன்னார். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு இருக்கும் தெளிவு நமக்கும் வேண்டும். சங்கம் இந்த நடையை ஏற்பாடு செய்யலாம். காபிச் செலவை ஏற்கலாம். பதாகையில் சங்கத்தின் பெயர் வேண்டாம். வீரரின் பெயர், பதவி, ரெஜிமென்ட், தேதி, இடம். இந்த ஐந்து மட்டும் போதும். இதில் சிலருக்கு மனக்குறை இருக்கலாம். கமிட்டி விவாதிக்கட்டும். என் கட்சி இதுதான்.

எப்படி நடந்தோம் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கிங்ஸ் சர்க்கிளில், அதாவது மகேஷ்வரி உத்யானில் கூடினோம். முன்கூட்டியே உள்ளூர் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்திருந்தோம். பன்னிரண்டு என்று ஆரம்பித்தது நாற்பதைத் தாண்டிவிட்டது. சுபேதார் ஐந்து வரிகளைப் படித்தார். படித்து முடித்ததும், இலங்கையில் இறந்த மற்ற ஜவான்களையும், அங்கே இறந்த குடிமக்களையும் நினைத்துக்கொள்ளுமாறு ஒரு வார்த்தை சொன்னார். பிறகு அம்பேத்கர் ரோடு வழியாக சயான் கல்லூரி இருக்கும் பக்கம் நடந்தோம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மஹர் ரெஜிமென்ட் அதிகாரிக்கான நடை அம்பேத்கர் பெயர் தாங்கிய சாலையில் அமைந்தது நாங்கள் திட்டமிட்டது அல்ல. அவர் படித்த பேட்டைக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருப்பது அந்த ரோடுதான்.

இருவர் இருவராக, நடைபாதையிலேயே போனோம். சில இடங்களில் நடைபாதை என்று ஒன்று இல்லை. அங்கே வரிசையாகப் போனோம். முழங்கால் வலிக்காரர்கள் முன்னால், இளைஞர்கள் பின்னால். வேகத்தைத் தீர்மானித்தவர் எண்பத்திரண்டு வயது மாமி ஒருவர். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் பேசவில்லை. நம்மவர்கள் நாற்பது பேர் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததே ஓர் அதிசயம் என்று பிறகு ஒருவர் சொன்னார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பையன் பதாகையைப் படித்துவிட்டு, இவர் யார் என்று மராத்தியில் கேட்டான். எங்கள் வரிசையிலிருந்து ஓர் இளைஞன் விலகி நின்று அவனுக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டான். அந்த ஒரு கேள்விக்காகவே நடந்தது சரி என்று எனக்குப் பட்டது.

மற்ற கிளைகளுக்குச் சில யோசனைகள். நவம்பர் 25தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊருக்கு உங்கள் வீரர் இருப்பார். ஹைதராபாத்தில் மேஜர் பத்மபாணி ஆச்சார்யா. 1999 ஜூன் 28. லக்னோவில் கேப்டன் மனோஜ் குமார் பாண்டே. 1999 ஜூலை 3. திருச்சியில் மேஜர் சரவணன். 1999 மே 29. பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15ல் கல்வானில் உயிர் நீத்தார். உங்கள் ஊர்க்காரர் யார் என்று தெரியாவிட்டால், ஜில்லா ஸைனிக் போர்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முடிந்தால் குடும்பத்துக்குத் தெரிவித்து, அவர்களுக்குச் சம்மதமானால் மட்டும் செய்யுங்கள். வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மேடையில் ஏற்றி அழ வைக்காதீர்கள்.

மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணத்தைச் சேர்த்து வையுங்கள். டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் அனுசரிக்கப்படுகிறது. மேஜர் பரமேஸ்வரனின் நாளிலிருந்து சரியாகப் பன்னிரண்டு நாள். அந்த நிதி போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்ற ஜவான்களுக்கும், பழைய படைவீரர்களுக்கும் போகிறது. நாங்கள் நாற்பது பேரும் அன்றைய தினம் ஆளுக்கு இரண்டு வேளைக் காபிக் காசைப் போட்டோம். தொகை சிறியதுதான், ஆனால் கணக்கு எழுதி, ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். பழைய கணக்கு ஆபீஸ் புத்தி.

அடுத்த நவம்பரில் மும்பைக் கிளை மறுபடி நடக்கும். காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். முதல் நாள் ராத்திரி அவர்களிடம் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள். மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன், எட்டாவது மஹர். தப்பில்லாமல் சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய காரியம்.

 சாப்பாடு தயார் என்று சமையற்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள்.